செக்கடிக்கு வந்த நாகரிகம்

நம் மகளை 2006-ம் வருஷம் ஆடை வடிவமைப்புப் படிக்க அனுப்பியபோது நமக்கிருந்த நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: அவள் கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக் கூடாது. மூன்று தலைமுறையாகச் செக்கு ஆட்டும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பிசுக்கின் மகிமை தெரியும். சீயக்காய் போட்டுத் தேய்த்தால் கையை விட்டுப் போகும். சட்டையை விட்டுப் போகாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருடைய மூக்கை விட்டு ஒரு நாளும் போகாது.

படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்கு உத்தியோகம் கிடைத்தது. நாம் தேசப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கும் ஊர்களில் எல்லாம் அவள் வரைந்த உடுப்புகளை அணிந்து கொண்டு ஜனங்கள் நடமாடினார்கள். ஊரில் நமக்கு ஏற்பட்ட பெருமையைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

2019-ல் நமக்கு நெஞ்சு வலி கண்டது. இனி மூட்டை தூக்கலாகாது என்றார் டாக்டர். செக்கையும் இடத்தையும் விற்றுவிடத் தீர்மானித்து, முன்பணமும் வாங்கிவிட்டோம். இரண்டு நாளில் மகள் வந்து நின்றாள்.

"அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க, அப்பா. செக்கை நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். செக்குக்கும் சிவலிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்த்த பெண் அல்லவா? சிரித்தது தவறு என்று ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை. அன்றிரவு அவள் சாப்பிடாமல் படுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

உத்தியோகத்தை விட்டு வந்தாள். அழகான லேபிள் ஒட்டி வியாபாரத்தைப் பெருக்கப் போகிறாள் என்று ஊரார் எதிர்பார்த்தார்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கக் கூடாது என்று 2011-லேயே விதி வந்துவிட்டபடியால் லேபிள் அவசியந்தான். அதை ஒரே மாலையில் முடித்துவிட்டு, ஒரு கூடை நிறையச் சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டிகள் வாங்கி வந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது ருசிக்காக மட்டும் அல்ல. அதுதான் மாவைப் பிணைத்து எண்ணெயைப் பிரித்து விடுகிறது. கலங்கலாக வரும் எண்ணெயைச் சில நாள் தெளிய விட்டுப் பிறகு இறுத்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் அவள் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு புட்டி எண்ணெய் எடுத்து, தேதியும் எள் வந்த இடமும் எழுதி, அலமாரியில் வரிசையாக அடுக்கியது நாம் அறியாத வித்தை. பனியன் துணியில் சாயம் இம்மியளவு மாறினாலும் சரக்குத் திரும்பிவிடுமாம். அதற்காக ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு துண்டுத் துணி வெட்டி வைப்பார்களாம்.

அந்த ஐப்பசியில், முப்பது வருஷமாக நமக்கு எள் கொடுத்து வந்த சிநேகிதர் இருபது மூட்டை அனுப்பினார். மழையில் நனைந்து உலர்ந்த சரக்கு என்பது கையில் அள்ளியவுடனேயே நமக்குத் தெரிந்துவிட்டது. நல்ல எள்ளோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஆட்டிவிடுவது நாம் கையாண்டு வந்த பழைய உபாயம். முகம் முறிக்க முடியாத இடத்தில் வேறென்ன செய்வது?

மகள் வாதாடவில்லை. ஒரு மூட்டையைத் தனியாக ஆட்டச் செய்தாள். தெளிந்ததும் ஒரு புட்டியில் பிடித்து, பழைய புட்டி ஒன்றையும் அதனருகில் வைத்து, "கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாருங்க, அப்பா" என்றாள்.

மோந்து பார்த்தோம். சிக்கு வாடை மண்டையில் ஏறிற்று. கண்ணைத் திறக்க மனம் வரவில்லை. இவ்வளவு வருஷமாக எத்தனை பேர் வீட்டுத் தாளிப்பில் இது போயிருக்கும்?

மீதிப் பத்தொன்பது மூட்டைகளும் அன்றே வண்டியேறின. சிநேகிதர் நான்கு மாதம் நம்மோடு பேசவில்லை. கோயிலில் பார்த்தால் மற்றப் பிராகாரத்தில் சுற்றினார். நமக்கு அது நெஞ்சு வலியைவிடக் கஷ்டமாயிருந்தது.

மாசியில் அவரிடமிருந்து ஒரு பையன் வந்தான். புது எள் ஒரு பிடி, காகிதத்தில் பொட்டலமாகக் கட்டியிருந்தது. கை நீட்டினோம். பையன் பொட்டலத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அம்மிணிகிட்டத்தான் குடுக்கோணும்னு சொன்னாருங்க" என்றான்.