ஆட்டம் என்ற ஒரே சொல்

பல் அசைந்தாலும் ஆட்டம், மேசைக்கால் அசைந்தாலும் ஆட்டம், கடைசல் லேத்தில் சக்கு நேராகச் சுற்றாமல் அலைந்தாலும் ஆட்டம். நோய்க்கு ஒரே பெயர் இருப்பதால் மருந்தும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். இறுக்கு, இறுக்கியும் நிற்காவிட்டால் புதிதாக வாங்கு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மூலம் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் இந்த ஆட்டத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. வட்டம் மையத்தை விட்டு விலகிச் சுற்றினால் 'ஃபோ-ரோன்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பொய் வட்டம்'. மையம் சரியாக இருந்து, முகம் மட்டும் முன்னும் பின்னும் அலைந்தால் 'வுவால்'. கோணிப்போன சைக்கிள் சக்கரத்தையும் அங்கே 'வுவாலே' என்றுதான் சொல்வார்கள். நம் சைக்கிள் கடைகளில் 'கோட்டம் எடுக்கிறது' என்கிறோமே, அந்தக் கோட்டம்தான் இது.

இந்தப் பள்ளிக்கூடச் சொற்கள் இரண்டும் இத்தனை வருடம் கழித்துப் போடியில் பயன்பட்டன.

எங்கள் தெருவில் ஒரு தம்பி வீட்டோடு கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். குரங்கணிப் பக்கமும் போடிமெட்டுச் சரிவிலும் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தில் வெட்டிக் கழித்த துண்டுகளும், பிடுங்கிப் போட்ட பழைய காப்பிச் செடியின் அடித்தண்டும்தான் அவருடைய மூலப்பொருள். மத்து, பம்பரம், பூரிக்கட்டை, சொப்புச் சாமான் எல்லாம் கடைவார். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாக் கடைகளுக்குச் சொப்பு கேட்டு முன்பணம் வந்திருந்த சமயம் பார்த்துச் சக்கு அலைய ஆரம்பித்தது.

"பெரியப்பா, இறுக்கி இறுக்கிப் பாத்துட்டேன். புதுச் சக்குதான் வாங்கணும். வீட்டுல தோட்டைக் கேட்டிருக்கேன்" என்றார். லேத்து வாங்க ஏற்கெனவே வளையல் அடகுக்குப் போயிருந்தது. தோடும் போகிறதென்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்று தோன்றியது.

எனக்குக் கடைசல் தெரியாது, கணக்குத் தெரியும். பேரேடு ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத்தை முதலில் 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. பேரேடு முழுவதையும் கிழித்துப்போட்டு எழுத வேண்டியதில்லை. தவறு எந்த வகை, எந்தப் பக்கத்தில் நுழைந்தது என்று பிரித்துக்கொண்டால் போதும்.

லேத்திலும் அப்படியே செய்தோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கைக் கழற்றினோம். ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார்; பேரிங்கில் ஆட்டம் இல்லை. டூல் ரெஸ்டில் ஒரு பென்சிலை வைத்து, அதன் முனை ஸ்பிண்டிலைத் தொட்டும் தொடாமலும் இருக்க, கையால் சுற்றினார். இடைவெளி மாறவில்லை. முதல் பக்கம் சரி.

சக்கைத் திரும்ப மாட்டி, பென்சிலை முதலில் அதன் சுற்று விளிம்பில் வைத்தோம். வித்தியாசம் லேசுதான். பிறகு முகத்துக்கு நேரே வைத்தோம். ஒரு பாதியில் உரசியது, மறுபாதியில் விலகியது. பொய் வட்டம் இல்லை, கோட்டம்.

கோட்டம் என்றால் சக்கின் முதுகு சரியாக உட்காரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மரை சக்கை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அதை நேராக நிறுத்துவது மரைக்குப் பின்னால் உள்ள வட்டத் திண்டு. திரும்பக் கழற்றிப் பார்த்தால், அந்தத் திண்டில் பால் பிசினோடு ஒரு சிராய் அப்பிக்கிடந்தது. இறுக்க இறுக்க அது இன்னும் அழுந்தியிருக்கிறது.

சின்னச் சிராய்தானே என்று நினைக்க வேண்டாம். 40 மில்லிமீட்டர் அகலத் திண்டின் ஓரத்தில் 0.1 மில்லிமீட்டர் தூசி இருந்தால், அங்கிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மர நுனி அரை மில்லிமீட்டர் விலகும். ஒரு சுற்றில் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. மொத்தம் ஒரு மில்லிமீட்டர். மத்துக் காம்புக்கு அது பெரிய ஆட்டம்.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினார். முகம் நேரானது. தோடு காதிலேயே தங்கியது.

இதே வரிசையில் மேலே போனால் மீதிக் காரணங்களும் பிடிபடும். சக்கு நேராக இருந்தும் பிடித்த மரம் அலைந்தால் ஜாக்களைப் பாருங்கள். அவற்றில் 1 முதல் 4 வரை எண் போட்டிருக்கும். வரிசை மாற்றிச் செருகினால் நடுவில் கூடாது. ஜாவும் சரி என்றால் மரம்தான். பிடிப்புக்காகக் கடைந்த குமிழின் அடி, ஜாவின் உள்ளே தரையில் முட்டக்கூடாது. குமிழைச் சுற்றிய மரத்தின் தோள் ஜாவின் முகத்தில் படிந்து உட்கார வேண்டும். பச்சை மரமாக இருந்தால், இன்று வட்டமாகக் கடைந்தது காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும். அது சக்கின் குற்றமில்லை. கொஞ்சம் தடிமனாக விட்டு, காயவைத்து, பிறகு முடிக்க வேண்டியதுதான்.

கடைசலைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட முதல் பெரிய நூல் 1701-ல் பிரான்சின் லியோன் நகரில் வெளிவந்தது. எழுதியவர் ஷார்ல் ப்ளூமியே என்ற துறவி, தாவரவியலாளர். நம் கோயில்களில் நிற்கும் ஈழத்து அலரிக்கு 'ப்ளூமேரியா' என்று தாவரப் பெயர் வந்தது அவர் நினைவாகத்தான். நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களின் வித்தை பெரும்பாலும் கையிலிருந்து கைக்கே வந்தது. சொல் இல்லாமலே அவர்கள் கை கோளாறைப் பிரித்தறியும். அந்தப் பழக்கம் வராத நமக்குத்தான் பெயர்கள் தேவைப்படுகின்றன.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். காரணம் தெரியும்வரை ஆடுகிற சக்கை வேகமாக ஓட்டாதீர்கள். மரம் பிடியை விட்டால் அது பாயும் வழியில் நிற்பது உங்கள் முகம்.