அம்மாவின் அறுபது நாள்

அன்புள்ள அக்கா,

"விசா வந்துடுச்சுடா, இனிமே ஒரு கவலையும் இல்ல" என்று நேற்று ராத்திரி நீ போனில் சொன்னாய். மூன்று வாரமாகக் கூரியர் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் போனை வைத்தபின் தூக்கம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு விசா வந்த அன்று நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

அப்போது நடந்ததை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. "டிக்கெட் மாத்த வேண்டியதாப் போச்சு" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன். அம்மாவின் விசாவில் மே 3 முதல் ஜூலை 16 வரை என்று போட்டிருந்தது. நான் அந்த இரண்டு தேதியை மட்டும் பார்த்தேன். மே 5-ஆம் தேதி வருவதற்கும் ஜூலை 15-ஆம் தேதி திரும்புவதற்கும் டிக்கெட் போட்டேன். நடுவில் ஜூலை 8, பேரனுக்கு முதல் பிறந்தநாள். அதற்காகத்தான் அம்மா வந்ததே.

ஜூன் மாதம் ஒரு நாள் வேறு எதற்கோ பாஸ்போர்ட்டைத் திறந்தேன். தேதிகளுக்குக் கீழே சின்னக் கட்டத்தில் 60 என்று இருந்தது. தங்க அனுமதித்த நாட்கள் அவ்வளவுதான். அந்த விசா ஸ்டிக்கரை ஒரு ஜன்னல் மாதிரி நினைத்துக்கொள். ஜன்னல் 75 நாள் திறந்திருக்கும். அதற்குள் எந்த 60 நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். மிச்சம் 15 நாள், விமானம் தள்ளிப்போனாலோ பயணத் தேதி மாறினாலோ உதவட்டும் என்று, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாச் சட்டமே சேர்த்துக் கொடுப்பது. தங்குவதற்கான நாள் இல்லை. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். விரல்விட்டு எண்ணினேன். ஜூலை 3-ஆம் தேதியோடு அறுபது முடிந்தது.

ஜூலை 2-ஆம் தேதி அம்மாவை விமானம் ஏற்றிவிட்டேன். பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்னால். குழந்தைக்கென்று அவள் தைத்து வைத்திருந்த பட்டுப் பாவாடைத் துணிச் சட்டையை அதற்கு முன்னால் ஒரு நாள் போட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை, அக்கா. அந்தக் கட்டத்தைப் பார்க்காதது என் தவறு. அதற்கு விலை கொடுத்தவள் அவள்.

"ஒரு பத்து நாள் கூட இருந்தா என்ன ஆயிடும்" என்று இங்கே சில பேர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஒரு நாள் மிஞ்சினாலும் அது சட்டவிரோதத் தங்கல்தான், அடுத்த விசாவுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் பதிவதைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் படம் எடுக்கிறார்கள். உள்ளே வந்த நாள், வெளியே போன நாள் இரண்டையும் இயந்திரமே கணக்கு வைக்கிறது. முத்திரை மங்கிப்போய்விட்டது என்று யாரும் தப்ப முடியாது.

இன்னொன்று. விசா இருந்தால் உள்ளே விட்டாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எல்லையில் நிற்கும் அதிகாரி மறுபடி கேட்கலாம்: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், செலவுக்கு என்ன, எப்போது திரும்புவீர்கள். அவருக்கு முன்னாலேயே சென்னையில் செக்-இன் கவுண்டரில் இருக்கும் பெண் கேட்பாள். அவள் கெடுபிடி செய்வதாக அத்தான் கோபப்பட வேண்டாம். சரியான காகிதம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும். ஐரோப்பிய விதிப்படி ஒரு பயணிக்கு ஆயிரக்கணக்கான யூரோ. திருப்பிக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பும் அவர்களுடையது. அதனால்தான் முதல் எல்லை மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அம்மா தன் காகிதங்களை எல்லாம் மஞ்சள் பையில் வைத்து மடியிலேயே கொண்டுவந்தாள். நான் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி: திரும்பும் டிக்கெட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்ட பொறுப்பேற்புப் பத்திரத்தின் நகல், என் முகவரி. பிராங்பர்ட்டில் அதிகாரி "ஹவ் லாங்" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, பதில் சொல்லாமல் பையிலிருந்து முதல் காகிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறாள். அது திரும்பும் டிக்கெட். அவர் தலையாட்டி விட்டுவிட்டார். நீயும் அதே வரிசையில் அடுக்கு, கைப்பையில் வை. பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதே. அந்தப் பெட்டி எல்லையைத் தாண்டிய பிறகுதான் உன் கைக்கு வரும்.

அந்தப் பொறுப்புப் பத்திரத்தைச் சாதாரண அழைப்புக் கடிதம் என்று நினைக்காதே. உங்கள் இருவரின் சாப்பாடு, தங்குமிடம், ஆஸ்பத்திரிச் செலவு, தேவைப்பட்டால் திருப்பி அனுப்பும் செலவு வரை நான் ஏற்கிறேன் என்று சம்பளச் சீட்டைக் காட்டிச் சட்டப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் போட்டேன்.

அத்தான் திரும்பும்போது துபாயில் இரண்டு நாள் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டாராம். ஷெங்கன் விசாவை வைத்து அங்கே வெளியே போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம், அது தனி நாடு, தனி விதி. அதிலும் அத்தானின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம் ஊர் வழக்கம் இனிஷியலும் ஒரு பெயரும்தான், உலகத்துக்கு அது புரிவதில்லை. அமெரிக்க விசாவில் இப்படி ஒற்றைப் பெயர்க்காரர்களின் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று, முதல் பெயர் தெரியாது என்ற அர்த்தத்தில் அச்சடிக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு சிலருக்குத் தளர்த்தினார்கள். அத்தான் எந்த வகையில் வருவார் என்று எழுத்தில் பதில் வரும்வரை துபாய்க்குப் பணம் கட்ட வேண்டாம்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் மலிவு என்று ஏஜென்ட் சொன்னாலும் வேண்டாம். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வந்தால் அந்த நாட்டுக்குள் நுழைந்ததாக அர்த்தம், அதற்கும் விசா வேண்டும். லண்டன் வழியாகவும் வேண்டாம். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அங்கே விமானம் மாறவே டிரான்சிட் விசா கேட்பார்கள். என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா சொல்வார், இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு எந்த ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறினாலும், வெளியே கால் வைக்காவிட்டாலும், டிரான்சிட் விசா வேண்டும் என்று. செல்லுபடியாகும் கனடா விசாவோ அமெரிக்க விசாவோ கையில் இருந்தால் விலக்கு உண்டு. அது தெரியாமல் சுற்றுவழியில் இரட்டிப்புக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களை அவருக்குத் தெரியும்.

சாமான் கட்டும்போதும் கவனம். நெய், பால்கோவா, திரட்டுப்பால் எதுவும் வேண்டாம். பாலில் செய்ததையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை, பிடித்தால் குப்பையில் போடுவார்கள். உன் கையால் உருக்கிய நெய் குப்பைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கொல்லைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பச்சை இலை, காய், பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான். கறிவேப்பிலையைப் பொடியாக அரைத்துக் கொண்டு வா. கருவாடு கொண்டு வரலாம், 20 கிலோ வரைக்கும் விடுகிறார்கள்.

இன்னும் உங்களுக்கு டிக்கெட் போடவில்லை. இன்று ராத்திரியே உன் ஸ்டிக்கரையும் அத்தானுடையதையும் வெளிச்சத்தில் வைத்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்பு. தேதிக்குக் கீழே நாட்கள் என்று ஒரு எண் இருக்கும், அதை வாய்விட்டுப் படித்து ஒரு வாய்ஸ் மெசேஜும் போடு. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. இந்த வருஷம் ஜூலை 8 எத்தனையாவது நாளில் வருகிறது என்று அவளே எண்ணிச் சொல்லட்டும்.

உன் தம்பி,
ஸ்டுட்கார்ட்டிலிருந்து