மார்கழிக் குளிரில் வியர்வை

ஏற்காட்டுக்குப் போகாத ஆண்டு என்று ஒன்று எங்கள் நால்வர் நினைவில் இல்லை. சேலத்திலிருந்து புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டே மேலேறுவோம். ஏரிக்கரையில் ஒரு சுற்று, சேர்வராயன் கோயில் வரை ஒரு நடை, பையில் இரண்டு புத்தகங்கள், பேச்சில் இருநூறு புத்தகங்கள். இம்முறை எழுத வந்திருப்பது அவற்றுள் எதைப் பற்றியும் அன்று. உடல் எடையைப் பற்றி! இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கட்டுக்கதைகளை இனங்காணத் தெரியும் என்று பெருமை பேசி வந்தவர்கள் நாங்கள். அந்தப் பெருமைக்கு நேர்ந்த கதியைத்தான் சொல்லப்போகிறோம்.

நால்வரில் மூத்தவரை அண்ணா என்றே அழைப்போம். இங்கும் அப்படியே இருக்கட்டும். எண்பத்தெட்டு கிலோ எடை, ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், அதற்கு மேல் ஓயாத சிரிப்பு. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம், "அண்ணா, மலைப் பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள். பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் எல்லோரும் அடிவாரத்தில்தான் இறங்க வேண்டும்" என்று யாராவது ஒருவர் சொல்வோம். அண்ணாதான் முதலில் சிரிப்பார். பதினைந்து ஆண்டுகளாக இருபது வளைவுகளிலும் இதே நகைச்சுவை. அது அவருக்கு வலித்திருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியது உண்மை. எப்படிக் குறைப்பது என்பதை அண்ணா உறவினர்களிடமும் கைப்பேசியிடமும் கேட்டுக்கொண்டார். சோற்றுக்கு முற்றுப்புள்ளி. காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும். இரவில் பட்டினி. இவற்றுக்கு மகுடம் வைத்தாற்போல் பச்சைக் காப்பிக் கொட்டைப் பொடி! முந்தைய பயணத்தின்போது ஏற்காட்டில் மலைப்பொருள் விற்கும் கடை ஒன்றில் வாங்கியது. வறுக்காத கொட்டையை அரைத்த அந்தப் பொடியைக் கொதிக்கவைத்துக் குடித்தால் கொழுப்பு தானே கரையும் என்று உறையின் மேல் அச்சிட்டிருந்தது. மூன்றே மாதங்களில் எழுபத்தொன்பது கிலோ. நாங்கள் கைதட்டினோம். "அண்ணா, இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம்" என்றோம்.

சென்ற மார்கழியில் ஒரு காலை, ஏழு மணி. பனி விலகாத சாலையில் சேர்வராயன் கோயிலை நோக்கி நடக்கத் தொடங்கினோம். கடல்மட்டத்திலிருந்து 5,326 அடி உயரத்தில், குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கும் கோயில் அது. முந்தைய இரவு அண்ணா உண்ணவில்லை. காலையில் தேன்நீர், பச்சைக் காப்பி, வழக்கமான சர்க்கரை மாத்திரை. பாதித் தொலைவு கடந்திருப்போம். காப்பித் தோட்டங்களின் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதைக் கண்டோம். நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்க, அவருக்கோ நெற்றியெல்லாம் முத்து முத்தாய் வியர்வை.

அதைக் கண்டு மகிழ்ந்தோம் என்பதை எழுதக் கை கூசுகிறது. "கொழுப்பு கரைகிறது, அண்ணா! விடாதீர்கள், நடங்கள்" என்று ஊக்கம் வேறு கொடுத்தோம். அவர் விரல்கள் நடுங்கின. குளிர் என்று நினைத்தோம். நாங்கள் ஒன்று கேட்க, அவர் சம்பந்தமில்லாமல் ரயில் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். வேடிக்கை செய்கிறார் என்று அதற்கும் சிரித்தோம். சாலையோரத் தேநீர்க் கடையின் பலகையில் அவர் தொப்பென்று அமர்ந்த பின்னர்தான் எங்கள் சிரிப்பு நின்றது.

கடையை நடத்திய அம்மாள் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

"இவருக்குச் சக்கரை மாத்திரை உண்டுங்களா?"

உண்டு என்றோம்.

"காலைல என்ன சாப்புட்டாரு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அட சாமி! மாத்திரையைப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோடவா மலை ஏறுனீங்க?" என்றவர், டம்ளரில் நான்கு கரண்டிச் சர்க்கரையைக் கொட்டி, வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கலக்கி அண்ணாவின் வாயருகே பிடித்தார். "குடிங்க சாமி, மொதல்ல குடிங்க." நினைவு தப்பாமல் விழுங்கும் நிலையில் இருந்ததால் கொடுத்தாராம், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கணவருக்கும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. கால் மணி நேரத்தில் அண்ணா தலை நிமிர்ந்து, "ஏன் எல்லோரும் இப்படி நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு அந்த அம்மாள் தந்த நான்கு இட்லிகளையும் மறுபேச்சின்றித் தின்றார். அரிசி இட்லிகள்தாம்!

மருத்துவமனையில் மாலைவரை அவரை வைத்திருந்து, இரத்தச் சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். அவர் உட்கொண்டது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை மாத்திரை. சர்க்கரை நோய்க்கான எல்லா மாத்திரைகளும் அவ்வாறல்ல. ஆனால் இந்த வகை, உண்பவர் உண்பார் என்று நம்பியே வேலை செய்கிறது. உணவு வராவிட்டாலும் அது தன் வேலையை நிறுத்தாது. சர்க்கரை ஒருமுறை ஏறிய பின் மறுபடியும் இறங்கக்கூடும் என்பதால்தான் அந்தக் காவல். "உணவைக் குறைக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாத்திரையைக் குறைத்திருப்பேனே" என்றார் மருத்துவர். அண்ணாவிடம்தான் சொன்னார். தலை குனிந்தவர்கள் நாங்கள்.

அதன் பிறகே நாங்கள் படிக்க உட்கார்ந்தோம். படித்தவற்றுள் பச்சைக் காப்பியின் கதைதான் எங்களை உலுக்கியது. சேர்வராயன் மலைக்கும் காப்பிக்கும் இருநூறு ஆண்டு உறவு. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். இத்தனை காலமும் அதை வறுத்துக் குடித்தவர்களுக்கு, வறுக்காமல் குடித்தால் இளைக்கலாம் என்ற ஞானம் 2012இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மெட் ஓஸ் தம் நிகழ்ச்சியில் பச்சைக் காப்பிச் சாற்றை வானளாவப் புகழ்ந்தார். அவர் காட்டிய ஆதாரமான ஆய்வு எங்கே நடந்தது தெரியுமா? நம் அண்டை நகரமான பெங்களூரில்! வெறும் பதினாறு பேரை வைத்து நடந்த ஆய்வு. இருபத்திரண்டு வாரங்களில் சராசரியாக எட்டு கிலோ குறைந்தது என்றது. பணம் கொடுத்தது அந்தச் சாற்றை விற்கும் டெக்சாஸ் நிறுவனம். 2014இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்கில் சொன்னதைப் படித்தபோது வியப்பே மிஞ்சியது. ஆய்வை நடத்தியவர் எடைக் கணக்குகளைப் பலமுறை திருத்தியிருக்கிறார். யாருக்குச் சாறு, யாருக்குப் போலி மாத்திரை என்பதையே குழப்பியிருக்கிறார். போதாததற்கு, பங்கேற்றவர்களிடம் உணவைக் குறைக்கவும் உடற்பயிற்சி செய்யவும் சொல்லப்பட்டிருந்தது. நிறுவனம் முப்பத்தைந்து லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அவ்வாண்டே கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. பொடி மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. அது ஏற்காட்டுக் கடைவரை வந்து அண்ணாவின் அடுப்பில் கொதித்தது.

பிற கட்டுக்கதைகள் இவ்வளவு சுவையானவை அல்ல என்பதால் விரைந்து கடக்கிறோம். வியர்வை என்பது உடலைக் குளிர்விக்கும் நீர். கொழுப்பு உருகி வழிவதன்று. உடல் இழக்கும் கொழுப்பின் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது. பத்து கிலோ கொழுப்பு கழிந்தால், அதில் 8.4 கிலோ மூச்சிலும் எஞ்சியது நீராகவும் போகிறது என்று 2014இல் ஆஸ்திரேலியர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். அதற்காக வேகவேகமாய் மூச்சு விட்டால் இளைத்துவிடலாம் என்று புதிய கதை கட்டிவிடாதீர்கள்! உணவைத் திடீரென்று குறைத்ததும் முதல் வாரத்தில் எடை சரிவதும் பெரும்பாலும் நீர்தான். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, தன் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது செலவாகும்போது நீரும் கூடவே போகிறது.

மலையேற்றத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சேலத்திலிருந்து ஏற்காடுவரை 1,200 மீட்டர் உயரம் நடந்தே ஏறினால், அந்த உயரத்துக்காக மட்டும் உடல் செலவிடுவது சுமார் எண்ணூறு கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700. இருபது வளைவுகளையும் ஏறக்குறையப் பத்து முறை நடந்து ஏறினால் ஒரு கிலோ! நடை வீண் என்பதன்று; இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது செய்யும் நன்மை எடைத்தட்டில் தெரியாது. ஆனால் ஒரு காலை நடையில் கொழுப்பு கரைந்தோடும் என்று நாங்கள் கூச்சலிட்டது எத்தனை பேதைமை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருந்தாலே நலம் என்பதும் கதையே. பூனாவின் மருத்துவர் யாஜ்னிக், 2004இல் தம் லண்டன் நண்பரான மருத்துவர் யுட்கினுடன் ஒரு படம் வெளியிட்டார். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3தான். உடலில் கொழுப்போ அவருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. எங்களில் 'இளைத்தவர்' என்று பெயரெடுத்தவர் இதைப் படித்துவிட்டு, மறுநாளே இரத்தப் பரிசோதனைக்குப் போனார். முடிவு என்னவென்று கேட்காதீர்கள். அவரும் இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

பங்குனியில் அந்த அம்மாளுக்கு நன்றி சொல்ல நால்வருமாய் மறுபடி மலையேறினோம். சேர்வராயன் மலையின் தொல்குடிகளான மலையாளி மக்களைச் சேர்ந்தவர் அவர். (பெயரைக் கண்டு கேரளம் என்று எண்ண வேண்டாம், மலையை ஆள்பவர், தமிழ் பேசுபவர்.) இப்போது அண்ணா சோற்றை விட்டுச் சாமைக்கு மாறலாமா என்று யோசிப்பதாகச் சொன்னோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி நூறு கிராம் அரிசியில் 345 கலோரி, சாமையில் 341, கோதுமை மாவிலும் 341. சாமையில் நார்ச்சத்து மிகுதி, சீக்கிரம் பசி அடங்கும் என்ற உண்மையான சிறப்பு உண்டு. அளவின்றித் தின்றால் அதுவும் சோறுதான். இதையெல்லாம் அவரிடம் விளக்கத் தொடங்கியவர்கள், பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

"எங்க மாமியா காலத்துல சாமைச் சோறுதானுங்க" என்றார் அவர். "இளைக்கறதுக்காவா தின்னோம்? வேற இல்லாம தின்னோம். அரிசிச் சோறுன்னா நோம்பிக்குத்தான். எல்லாரும் ஒல்லியாத்தான் இருந்தாங்க. அதை யாரும் அழகுன்னு சொல்லலீங்க." பிறகு அண்ணாவை ஏற இறங்கப் பார்த்து, "சாப்புட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அண்ணா சட்டைப் பையைத் தட்டி, கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார்.

அவர் எடை இப்போது எண்பத்திரண்டு. மருத்துவரைக் கேட்டு, மாத்திரையை மாற்றி, மூன்று வேளையும் அளவாக உண்டு, மெதுவாகக் குறைத்து வருகிறார். அன்று மாலை இறங்கும்போது வண்டியில் ஏறியவர், வழக்கப்படி கதவருகே நின்று, "எந்தப் பக்கம் உட்காரட்டும்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அவரே பள்ளத்துப் பக்கச் சன்னலோரம் அமர்ந்துகொண்டார். இருபதாம் வளைவிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினோம்.