கூடத்துத் தரை

பங்குனி 3

காலையில் மேஸ்திரி வந்திருந்தார். அப்புச்சி கட்டிய வீட்டின் கூடத்தில் மொசைக் தரை நாலைந்து இடத்தில் விரிந்துவிட்டது. "முழுசா உடைச்செடுத்துட்டு டைல்ஸ் போட்டுரலாமுங்க. மூணு நாள் வேலைதானுங்க" என்றார். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். எந்த இடம் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் மொத்தத்தையும் உடைக்க மனம் வரவில்லை.

தட்டிப் பார்த்தே பழுதைக் கண்டுபிடித்தவர் ரயில்வேயில் இருந்த அப்புச்சி. போத்தனூர் ஜங்ஷனில் வண்டி நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு இறங்கிவிடுவார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விழுந்ததில் சத்தம் அமுங்கிவிடும். 1862 முதல் ரயிலோடு வாழும் ஊர் இது.

பங்குனி 4

பழைய ரோமானிய மொசைக் தரைகளைப் பழுது பார்ப்பவர்கள் செய்யும் முதல் வேலையும் அப்புச்சியைப் போலத் தட்டிப் பார்ப்பதுதான். விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் கேட்டு, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள். நமக்குத் தெரிவது மேலே பதித்த சின்னக் கற்கள் மட்டும். அடியில் கையளவுக் கற்கள், அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேல் மூன்று பங்கு செங்கல் தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். செங்கல் தூளும் சுண்ணாம்பும் நம் கொத்தனார்கள் குழைத்த சுர்க்கிதானே! இந்த அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதில்தான் சேதம் தொடங்குகிறது. மேலே கல் உதிர்வது அதற்கு வெகுநாள் பிறகு.

1842-ல் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்த வெள்ளலூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் காசுகள் புழங்கிய நாட்டின் தரைகளை வேற்றூர்க் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

பங்குனி 6

சாக்பீஸால் கூடத்தை அடிக்கு அடி கட்டம் போட்டேன். 120 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டு. பதினேழில் 'டொப்பு டொப்பு' என்றது. விரிசலே இல்லாத ஆறு கட்டங்களும் அதில் சேர்த்தி.

பங்குனி 8

மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் வெப்பப் படக் கேமரா கொண்டுவந்தார். மேற்கு வெயில் கூடத்தில் விழுந்து ஒரு மணி நேரம் ஆனபின் பார்த்தோம். அடியில் காற்று நின்ற இடத்தில் சூடு கீழே இறங்காது; மேலேயே தங்கும். என் பதினேழில் பதினான்கு கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. நான் தட்டிக் கண்டுபிடிக்காத ஒன்றும் தெரிந்தது: குளியலறைச் சுவரை ஒட்டி, குளிர்ந்த நீளப் பட்டை. ஈரம். குழாய் கசிகிறது. விரிசலுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

தட்டலும் கேமராவும் சொல்லாததை ராடார் சொல்லும். கீழடியில் குழி வெட்டும் முன்பே தரை ஊடுருவும் ராடாரும் காந்தமானியும் வைத்துத் தேடியிருக்கிறார்கள். மொசைக்கில் அதற்கு வேறொரு வேலையும் உண்டு. போன நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் நாடுகளில் எத்தனையோ தரைகளைப் பெயர்த்து, கம்பி கட்டிய கான்கிரீட்மேல் பதித்தார்கள். காப்பாற்றத்தான் செய்தார்கள். கம்பி துருப்பிடித்து உப்பி, கற்களைக் கீழிருந்து பிளந்தது. அந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஒரு கல்லைக்கூட அசைக்காமல் ராடார் காட்டிவிடும். 1977-ல் ரோமில் மொசைக் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. பெயர்க்காமல் இருந்த இடத்திலேயே காப்பது என்ற எண்ணம் பிறகு மெல்ல வலுத்தது. ஆயிரத்தைந்நூறு வருஷம் தாங்கிய தரை, காப்பாற்றப் போனவர்கள் கையால் ஐம்பது வருஷத்தில் பிளந்ததைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

பங்குனி 10

மேஸ்திரி வந்தார். கட்டங்களைப் பார்த்துக்கொண்டே நின்றவர், குத்தவைத்து உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் தானே தட்டினார். "ஏனுங்க, இந்தப் பக்கம் கெட்டியாத்தானுங்க இருக்குது" என்றார். முதலில் குழாய் வேலை. காய்ந்தபின் பொள்ளல் கட்டங்களில் மட்டும் கலவைப் பால் ஊற்றி அடியை நிரப்புவது என்று பேசி முடித்தோம்.

போகிறபோது வாசற்படியோரம் ஒருதரம் தட்டி, காதைச் சாய்த்தார். பிறகு என்னிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கி, நான் விட்டுவிட்ட ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.