எதிராளியின் காது

டேபிள் டென்னிஸ் மட்டையில் ஒட்டப்படும் ரப்பர்களை ஒப்பிட்டு எழுதுவோர், சுழற்சி, கட்டுப்பாடு, நீடித்த உழைப்பு என்னும் மூன்று தலைப்புகளின்கீழ் பத்துக்கு ஒன்பதரை, எட்டேமுக்கால் என்று மதிப்பெண் இட்டு முடித்துவிடுகிறார்கள். ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையிலான அந்த அரை மதிப்பெண்ணை எந்தக் கருவி அளந்தது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இம்மூன்றும் ரப்பருக்கும் பந்துக்கும் இடையிலான விவகாரத்தையே பேசுகின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடமிருந்து ரப்பர் எதை மறைக்கிறது என்பதற்கு அட்டவணையில் இடமே இல்லை. ஆனால் ரப்பரைக் குறித்துப் பிறந்த விதிகளில் பல இந்த நான்காவது குணத்தைக் கட்டுப்படுத்தவே பிறந்தன.

1952 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அக்குணம் பெரிய அளவில் அரங்கேறியது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அது. ஜப்பான் அணி உலகப் போட்டிக்கு வந்ததும் அதுவே முதன்முறை. அதுவரை பெரும்பாலோர் கையில் இருந்தது, பிம்பிள் எனப்படும் குட்டைக் குமிழ்கள் வரிசையாக எழும்பி நிற்கும் மெல்லிய ரப்பரை நேராகப் பலகைமீது ஒட்டிய மட்டை. ஹங்கேரியரான விக்டர் பார்னா 1930க்கும் 1935க்கும் இடையில் ஐந்து முறை ஒற்றையர் பட்டம் வென்றது இவ்வகை மட்டையைக் கொண்டுதான். பந்து பட்டால் அதில் ‘டொக்’ என்று தெளிவான ஓசை எழும். அடியின் வலுவைக் காது கணித்துச் சொல்ல, கால் அதற்கேற்ப நகரும். நீண்ட காலம் ஆடியவர்களுக்குத் தாம் காதாலும் ஆடுகிறோம் என்பதே தெரியாமல் போயிருந்தது.

மூக்குக்கண்ணாடி அணிந்த ஹிரோஜி சாத்தோ பம்பாய்க்குக் கொண்டுவந்த மட்டையிலோ பிம்பிள் ரப்பர் இல்லை; காற்றறைகள் நிறைந்த பருத்த ஸ்பாஞ்ச் மட்டுமே ஒட்டப்பட்டிருந்தது. பந்து அதில் ஒரு கணம் புதைந்து, ஏறத்தாழ ஓசையே இல்லாமல், எதிராளி எதிர்பாராத வேகத்தோடும் சுழற்சியோடும் புறப்பட்டது. ஜப்பானிலேயே முதல்நிலை ஆட்டக்காரராகக் கருதப்படாத அவர், ஐரோப்பாவின் கைதேர்ந்தவர்கள் பந்து எப்போது கிளம்பியது என்று தெரியாமல் தடுமாற, இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோச்சியானையும் வென்று உலகப் பட்டம் பெற்றார். அந்தப் போட்டியில் அவரிடம் தோற்ற அமெரிக்கர் மார்ட்டி ரீஸ்மன் ஸ்பாஞ்சை மன்னிக்கவே இல்லை. 1997இல், தமது 67ஆம் வயதில், பழைய பிம்பிள் மட்டைக்கென்றே நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில் பட்டம் வென்று காட்டினார். நாற்பத்தைந்து ஆண்டுப் பிடிவாதத்துக்கு மதிப்பெண் இட எந்த அட்டவணையில் இடம் உண்டு?

1959இல் சர்வதேசக் கூட்டமைப்பு வெறும் ஸ்பாஞ்சை விலக்கி, அதன்மேல் ரப்பர் ஒட்டிய ‘சாண்ட்விச்’ வகையை, பசையும் சேர்த்து மொத்தம் 4 மி.மீ. தடிமனுக்குள், அனுமதித்தது. மறைப்பது அதோடு ஓயவில்லை. பிம்பிளை உள்பக்கமாகத் திருப்பி ஒட்டிய வழவழப்பான ரப்பர் பந்தைப் பற்றிச் சுழற்றும். நீண்ட, வளையும் பிம்பிள் கொண்ட ரப்பரோ வரும் சுழற்சியை அப்படியே பந்தில் விட்டுவைப்பதால், எதிராளி அனுப்பிய டாப் ஸ்பின் அவரிடமே பேக் ஸ்பின்னாகத் திரும்பும். 1980களின் தொடக்கத்தில் இவ்விரண்டையும் ஒரே நிறத்தில் இருபுறமும் ஒட்டி, கைக்குள் மட்டையைச் சுழற்றி ஆடினார்கள். பந்து படும் ஓசையைக் கொண்டு எந்தப் பக்கம் என்று ஊகிக்க முயன்றவர்களை ஏய்க்க, சர்வீஸ் போடும்போது தரையில் காலை ஓங்கி மிதித்தவர்களும் உண்டு. காதை நம்பி ஆடுவது மறுபடியும் ஆபத்தாயிற்று. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்ற விதி அந்தக் கூத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

நிறம் தெரிந்த பிறகும் நீண்ட பிம்பிளின் கள்ளத்தனம் முழுதும் போய்விடவில்லை. 2018 காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் மணிகா பத்ரா, பேக்ஹேண்டில் அத்தகைய ரப்பரை வைத்துக்கொண்டே சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெய்யை அணிப் போட்டியிலும் ஒற்றையர் அரையிறுதியிலும் வென்றார். சுழற்சிக்கு மட்டும் மதிப்பெண் இட்டால் அந்த ரப்பர் தேர்வில் தேறியிராது.

ரப்பரின் நீடித்த உழைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், விலையும் ஆயுளும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. ஆட்டத்துக்கு முன் ஸ்பாஞ்சில் கரைப்பான் கலந்த பசையைத் தடவி அதை உப்ப வைக்கும் வழக்கம், அப்பசையின் ஆவி உடலுக்குக் கேடு என்பதால் 2008 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. அந்தப் பசை தந்த துள்ளலைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிய டெனர்ஜி போன்ற ரப்பர்கள் அதே ஆண்டில் வந்தன. வேடிக்கை என்னவென்றால், பசை போனபோது ஆட்டக்காரர்கள் வேகத்தோடு சேர்த்து, அது எழுப்பிய கணீரென்ற ஓசைக்காகவும் ஏங்கினார்கள். ஆனால் டெனர்ஜி போன்ற உயர்ரக ரப்பர்களின் பிடிப்பு, ஓயாமல் ஆடுவோர் கையில் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுகிறது. 1967இன் ஸ்ரைவர், 1969இன் மார்க் ஃபைவ் ஆகிய பழைய ரப்பர்கள் அவற்றைவிட மெதுவானவை, மலிவானவை, பொறுமையானவை.

மாலையில் மன்றத்தில் ஆடுபவருக்கு அந்தப் பழைய இனமே போதும். ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் தூசியைத் துடைத்து, மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்தால் ரப்பர் நன்றாக உழைக்கும். ஆட்டத்துக்கு முன் எதிராளியின் மட்டையை வாங்கி, இரண்டு பக்கத்தையும் பரிசோதித்துக்கொள்ள விதியே உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் தோற்றவர், கடைக்காரரிடம் போய் இன்னும் விலை கூடிய ரப்பர் கேட்பதில் பொருளில்லை.