வற்றிய பாறையும் வாசிக்கும் பிள்ளைகளும்

குற்றாலத்துச் சாரல் பள்ளி விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொடும் சூன் மாதத்தில்தான் ஐந்தருவி தன் ஐந்து கிளைகளோடும் ஆர்ப்பரிக்கும். அதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிடும். கோடை மழை பொய்த்த ஆண்டுகளில், மே மாதத்தில் இங்கு வருவோர் காண்பது நீர்த்தடம் பதிந்த பாறையை மட்டுமே. வெளியூரார் ஏமாற்றத்தோடு திரும்புவர். இவ்வூர்ப் பிள்ளையோ அதே பாறையைச் சுட்டிக்காட்டி, ஐந்து அருவிகளும் எங்கெங்கே விழும் என்று விவரித்துவிடும். கண்முன் இல்லாததைக் காணும் அத்திறனே கற்பனை. அது பொய்யன்று, வரவிருக்கும் நீரைப் பற்றிய உண்மை அதனுள் இருக்கிறது.

அத்திறனுக்கு விடுமுறையில் என்ன உணவு தருவது? மாயக் கதைகளையும் அறிவியல் புனைகதைகளையும் பிள்ளைகள் விரும்பித் தேடுகின்றனர், பெற்றோர் அஞ்சுகின்றனர். நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், மகள் இரவல் வாங்கி வந்த நூலின் அட்டையில் சூனியக்காரியின் படத்தைக் கண்டு கலங்கி, "சாமி, இதைப் பிள்ளை படிக்கலாமா? விசுவாசம் கெட்டுப்போகாதா?" என்று கேட்டார். மகளோ, படித்து நிறுத்திய பக்கத்தில் விரலை வைத்தபடி, நம் விடைக்காகக் காத்து நின்றாள்.

இக்கேள்வியை எள்ளி ஒதுக்குவது தகாது. செய்வினைக்கு அஞ்சித் தாயத்துத் தேடி ஓடும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. மாய ஆற்றலை நாடுவதைத் திருச்சபை தெளிவாகவே கண்டிக்கிறது. ஆனால் மாயம் வரும் கதையெல்லாம் மாயத்தை வழிபடும் கதையாகிவிடாது. நீதித்தலைவர்கள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் யோத்தாம் சொல்லும் கதையைப் பாருங்கள். மரங்கள் பேசுகின்றன, தமக்கோர் அரசனைத் தேடுகின்றன, ஒலிவமும் அத்தியும் திராட்சையும் மறுத்துவிட, இறுதியில் முட்புதரிடம் போய் நிற்கின்றன. மரங்கள் பேசா என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். ஆயினும் உடன்பிறந்தோரைக் கொன்று அரசனான அபிமெலக்கு எத்தகையவன் என்பதை அந்தக் கதை காட்டிக்கொடுத்தது. நம் மண்ணுக்கும் இது புதிதன்று. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் குற்றால அருவியின் திரை எழும்பிக் கதிரவனின் தேரையே வழுக்கச் செய்யும்.

ஆகவே, நூலைத் தெரிவு செய்ய ஒரே அளவுகோல் போதும் என்று நாம் கருதுகிறோம்: இல்லாததைச் சொல்லும் இக்கதை, உள்ளதைக் காணச் செய்கிறதா?

அந்தச் சிறுமியின் கையில் இருந்தது சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட நார்னியாக் கதை. அதில் எட்மண்ட் என்னும் சிறுவன், சூனியக்காரி கொடுத்த இனிப்புக்கு மயங்கி உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுக்கிறான். அவனுக்காக அஸ்லான் என்னும் சிங்கம் தன் உயிரைத் தந்து, மீண்டும் எழுகிறது. சூனியக்காரி இல்லாமல் அக்கதையில் சோதனை இல்லை. சோதனை இல்லாமல் மீட்பும் இல்லை.

வளரிளம் பிள்ளைகளுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத் தரலாம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அக்கதை 2021ஆம் ஆண்டில் நிகழ்வது. அந்த ஆண்டு வந்தும் போய்விட்டது; குழந்தை பெறவும் அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலை இங்கு வரவில்லை. ஆனால் மக்கள் வணங்கும் தலைவரின் உருவத்திற்குப் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார் என்ற கேள்வி பழையதாகிவிடவில்லை. சோதிடம் பலித்ததா என்று பார்க்க நாம் அறிவியல் புனைகதை படிப்பதில்லை.

கல்லூரி மாணவர்க்கு ஒரு நூல்: வால்டர் மில்லரின் 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்'. 1944இல் புனித பெனடிக்டின் மோந்தே கசீனோ மடம் குண்டுவீச்சில் தகர்ந்தபோது, அத்தாக்குதலில் பங்கேற்ற விமானப்படை வீரர் அவர். போருக்குப் பின் கத்தோலிக்கர் ஆனார். 1959இல் வெளிவந்த அந்த நாவலில், அணுப்போரில் உலகம் அழிந்தபின் துறவிகள் அறிவின் எச்சங்களைப் பொருள் அறியாமலே நூற்றாண்டுகளாகப் படியெடுத்துக் காக்கின்றனர். அறிவு மீள்கிறது, அதனோடு அணுகுண்டும் மீள்கிறது. மனமாற்றம் பெறாத அறிவு மனிதனை மீட்காது என்பதை அந்நூல் உணர்த்துமளவுக்கு நம் மறையுரைகள் உணர்த்துமா என்பது ஐயமே.

நாம் தவிர்க்கச் சொல்லும் கதைகளும் உண்டு. ஆற்றலுக்கு விலையே இல்லாத கதை, கொல்லப்படுவோர்க்கு முகமே இல்லாத கதை, வென்றவன் வென்றதனாலேயே நல்லவனாகும் கதை ஆகியவை அத்தகையன. அவற்றில் சூனியக்காரி வந்தாலும் வராவிட்டாலும் அவை நஞ்சே.

பெற்றோரே, அட்டைப் படத்தை வைத்துத் தீர்ப்பிடாதீர்கள். முதல் இரண்டு அதிகாரங்களையேனும் பிள்ளையோடு அமர்ந்து படியுங்கள். ஆங்கிலம் கடினமாயின், பிள்ளையே தமிழில் கதை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். "நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் நெஞ்சில் எது ஓடுகிறது என்பதை அன்று மாலையே அறிந்துகொள்வீர்கள்.