யாராண்ட கேக்கணும்?

2023 டிசம்பர் 6, புதன். திருவொற்றியூர்

மூன்றாவது நாளாகக் கரண்ட் இல்லை. மிக்ஜாம் புயல் நேற்று பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. தெருவில் தேங்கிய தண்ணீர் மட்டும் அப்படியே கிடக்கிறது. இன்று அதன் வாடை மாறியிருக்கிறது. சாக்கடை வாடை எங்களுக்குப் பழகியது. இது பெட்ரோல் பங்க் வாடை. எண்ணூர் ஆற்றில் எண்ணெய் இறங்கியிருப்பதாகப் பெரியம்மா மகன் போனில் சொன்னான். மேலே கேட்பதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அரசியல் நிருபர் வேலைக்கு வந்து 22 வருஷம். நோட்டில் அடுத்தவர் பேச்சைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த வாடையை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கே பழகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

டிசம்பர் 7

ராஜ்நாத் சிங் ஹெலிகாப்டரில் வெள்ளத்தைப் பார்வையிட்டார். எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் 13, புதன்

காட்டுக்குப்பம் போய்வந்தேன். குளித்துவிட்டேன், இரண்டு முறை. வாடை தலைமுடியில் இருக்கிறது.

கொசஸ்தலையாறு கடலைத் தேடி வந்து சேரும் இடம் இது. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியதோ அவ்வளவு உயரத்துக்கு வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு. அலையாத்தி மரங்களின் அடியெல்லாம் தார் பூசியது போல் இருக்கிறது. கரையில் ஒரு கூழைக்கடா, சிறகு உடம்போடு ஒட்டிப்போய், ஆள் கிட்டப் போனாலும் எழும்பத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய். அதை அள்ளுகிறவர்கள் யாரென்று பார்த்தால், அதனால் பிழைப்பை இழந்தவர்களே. ஃபைபர் படகில் இரண்டு பேர் குனிந்து, குளிக்கிற மக்கால் மோந்து வாளியில் ஊற்றி, வாளியை டிரம்மில் கவிழ்க்கிறார்கள். பலர் கையில் உறைகூட இல்லை.

பெரியம்மாவிடம் படகு கிடையாது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர். நாற்பது வருஷமாக அதுதான் தொழில். அடியில் இறால் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று விரல் நுனிக்குத் தெரியும் என்பார். அந்த விரல்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, மந்திரி, எம்.எல்.ஏ. எல்லாரையும் நிக்கவச்சிக் கேள்வி கேக்கறவ நீ. இத யாராண்ட போய்க் கேக்கணும்? அத மட்டும் சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் பகுதியில் எந்த வட்டச் செயலாளர் எந்தக் கோஷ்டி, யாருக்கு யார் சம்பந்தி, போன தேர்தலில் யார் யாருக்கு உள்ளடி வேலை பார்த்தார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஒரு கால்வாயில் எண்ணெய் வந்தால் யார் பொறுப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 14

தூக்கம் வரவில்லை. பெரியம்மா மகன் கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தை: "போன தபாவும் நாங்கதாங்க்கா வாளில அள்ளுனோம். நீ அப்போ வரல."

போன தபா என்றால் 2017. ஜனவரி 28 விடிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் வாளியால் அள்ளினார்கள். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

நான் எங்கே இருந்தேன்? பிப்ரவரி 5, சசிகலாவை அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 7 இரவு, ஜெயலலிதா நினைவிடத்தில் பன்னீர்செல்வம் கண்மூடி உட்கார்ந்தார், மெரினாவுக்கு ஓடினேன். பிறகு கூவத்தூர். எம்.எல்.ஏ.க்கள் தங்கியிருந்த விடுதிக்கு வெளியே வெயிலில் நின்று, போகிற வருகிற கார்களின் எண்களைக் குறித்தேன். 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமிக்கு 122 ஓட்டு, எதிர்த்து 11. அந்த எண்கள் இன்னும் மனப்பாடம். எர்ணாவூரில் எத்தனை பேர் அள்ளினார்கள் என்பது தெரியாது.

கூவத்தூருக்குப் போனது தப்பில்லை. ஒரு மாநிலத்தின் ஆட்சி அந்த வாசலில் நின்றது. அதை யாராவது எழுதத்தான் வேண்டும். ஆனாலும் அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட எர்ணாவூர் போகத் தோன்றவில்லையே.

டிசம்பர் 18

தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தண்ணீரில். எண்ணூர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

டிசம்பர் 21

அமைச்சர் பொன்முடிக்கு மூன்றாண்டு தண்டனை. நாள் முழுக்க உயர் நீதிமன்றம்.

டிசம்பர் 23

அரசின் நிவாரணக் கணக்கு: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, படகைச் சரிசெய்ய 787 படகுகளுக்குத் தலா 10,000. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். படகு இல்லாமல் கையால் தடவிப் பிடிக்கிற பெண் இதில் எந்த வரியில் வருவாள்? போன் செய்தேன். பெரியம்மாவுக்கே தெரியவில்லை.

டிசம்பர் 27, புதன்

நேற்று நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கண் எரிச்சல், மூச்சடைப்பு. கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் குழாய், கடலுக்கடியில் கசிந்திருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி, எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்றுகூடத் தெரியாமல் சனம் ஓடியிருக்கிறது. ஐம்பது பேருக்குமேல் ஆஸ்பத்திரியில். காலையில் நான் போனபோது பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி இரவு உடுத்திய நைட்டியோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு. பக்கத்தில் இருந்தவள் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "எழுதுவீங்களா, போட்டோ எடுத்துனு போயிடுவீங்களா?" என்றாள்.

எழுதுவேன் என்றேன். 600 சொல் எழுதினேன்.

டிசம்பர் 28

விஜயகாந்த் காலமானார். விடிந்ததும் கோயம்பேட்டில் அவர் கட்சி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அழுதவர்களின் அழுகை நிஜம். சாப்பாடு போட்ட மனுஷன் என்று ஒரு லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது.

என் 600 சொல் ஆறு வரியாக வந்திருந்தது. அந்தப் பெண்ணின் முகம்.

2024 ஜனவரி 8

மக்களவைத் தேர்தலுக்காக வடசென்னைத் தொகுதி அலசல் கேட்டிருக்கிறார்கள். 2019-இல் நான் எழுதியதை எடுத்துப் படித்தேன். சாதிக் கணக்கு, கூட்டணிக் கணக்கு, அதிருப்தியாளர்கள். தகவலில் பிழையில்லை. ஆறு என்ற சொல், ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்ற எண்ணாக மட்டுமே வந்திருக்கிறது.

அந்த ஆறில் ஒன்று திரு.வி.க. நகர். நூறு தடவை எழுதிய பெயர். இன்றுதான் அது ஒரு பத்திரிகை ஆசிரியரின் பெயர் என்று உறைத்தது. வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 1917-இல் ‘தேசபக்தன்’ நாளிதழுக்கு ஆசிரியரானவர். அடுத்த வருஷம் ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் துணைத் தலைவர்களில் ஒருவராக நின்றார். காங்கிரஸ் அரசியலை எழுதிய அதே பேனா, மில் சங்கு ஊதுகிற நேரத்தையும் சாப்பாட்டு இடைவேளையையும் அரசியல் என்று எண்ணியது.

சாயங்காலம் ராபின்சன் பூங்கா வழியாக நடந்து வந்தேன். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். தாத்தா அன்று பெய்த மழையில் நனைந்தபடி நின்று கேட்டதாகச் சொல்வார். அந்தக் கதைதான் என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தது. மழையில் ஏன் நின்றீர்கள் என்று ஒரு முறை கேட்டிருக்கிறேன். "நம்ம வயித்தப் பத்திப் பேசுனாங்கம்மா" என்றார்.

ஜனவரி 17

ஆலைக்கு இயங்கும் அனுமதி தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுற்றுச்சூழல் அனுமதி டெல்லி அமைச்சகம். கடற்கரை மண்டல விதிகளுக்குத் தனி ஆணையம். கால்வாய் நீர்வளத் துறை. தானாக முன்வந்து வழக்கை எடுத்தது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பத்து நாள் அலைந்து, பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதிலை, தமிழில், ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஜனவரி 28, ஞாயிறு

கப்பல்கள் மோதி இன்றோடு ஏழு வருஷம்.

தாளைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். மகனை வாசிக்கச் சொல்லி முழுவதும் கேட்டார். "இத்தினி பேரா?" என்றார். நான்காக மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார். தொகுதி அலசலை இந்தத் தாளிலிருந்து தொடங்கி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருமா என்று தெரியவில்லை.

பறி வாசலில் ஆணியில் தொங்குகிறது. பெரியம்மா ஆற்றில் இறங்கி இன்றோடு 54 நாள் ஆகிறது.